அவர் எனக்குச் சுற்றிக் காட்டிய காலை

அவர்: முன்னாடி இல்ல துஃபூல், பின்னாடி ஏறு. விருந்தாளிங்க உட்கார்ற இடம் அதுதான்.

நான்: முப்பது வருஷப் பொண்டாட்டி, இன்னைக்கு விருந்தாளியா?

அவர்: உலகத்துக்கெல்லாம் சலாலாவைச் சுத்திக் காட்டிட்டேன். உனக்குக் காட்டலையே. கடற்கரை, பள்ளத்தாக்கு, மலை... மதியத் தொழுகைக்குத் திரும்பிடலாம்.

நான்: நான் பொறந்த மலையை எனக்கே காட்டப் போறீங்க!

அவர்: பொறந்தா போதுமா? பாக்கத் தெரியணும்.

நான்: பாக்கறது இருக்கட்டும்... நேத்து கண் டாக்டர் என்ன சொன்னார்?

அவர்: செய்தி ஒண்ணுமில்ல. எல்லாம் நலம்.

நான்: அது வாசல்ல வந்து நிக்கிறவங்க சொல்ற பதில், சலீம் வாப்பா. சாவுச் சேதி கொண்டு வந்தவனும் முதல்ல அதைத்தான் சொல்வான்.

அவர்: முறை தெரிஞ்சவதானே நீ? முதல்ல நலம். மத்ததெல்லாம் காபிக்கு அப்புறம். காபி மலை உச்சியில.

நான்: நாளைக்கு நாலு பேர் சுத்திப் பாக்க வர்றாங்களே, அவங்களை நீங்க...

அவர்: காபிக்கு அப்புறம்னேன்ல! ஆமா, நம்ம சம்ஹா திரும்பி வந்தாளா?

நான்: மூணு நாளா எங்கயோ மேயறா. ஒட்டகத்தைப் பத்தி விசாரிக்கிற அளவுக்கு என்னை விசாரிச்சதுண்டா?

அவர்: நீ தொலைஞ்சு போக மாட்டியே.

நான்: ம்... மெதுவா போங்க. தூறல்.

அவர்: இறங்கு. முக்சைல் கடற்கரை வந்தாச்சு. இங்க வர்றவங்க அப்படியே வாயைத் திறந்துட்டு நிப்பாங்க.

நான்: இந்தக் காத்துல வாயைத் திறந்தா உப்புதான்.

அவர்: அந்தப் பாறை ஓட்டைகிட்ட போகாதே! அடியில கடல். இப்ப கேளு... உறுமுதா? ஒண்ணு... ரெண்டு...

நான்: யா அல்லாஹ்! ஓட்டை வழியா பீச்சியடிச்சு அபாயா மொத்தமும் நனைஞ்சு போச்சு!

அவர்: இதுக்கு ஜெர்மனிக்காரங்க கைதட்டுவாங்க. நீ கத்தறே.

நான்: தட்டறேன், தட்டறேன். கடலை நீங்களே வெட்டி வச்ச மாதிரி எவ்வளவு பெருமை!

அவர்: ஏறு. இன்னொண்ணு சொல்லவா? அரை மைல் தள்ளி நின்னாலும், எந்த ஒட்டகம் எந்த வீட்டுதுன்னு சொல்லிடுவேன். வர்றவங்க அசந்து போவாங்க.

நான்: நிறுத்துங்க... நிறுத்துங்க! நடு ரோட்டுல நிக்குது ஒண்ணு.

அவர்: பாத்தேன், பாத்தேன். எவனோ வெளியூர்க்காரனோடது. இந்த மூட்டத்துல ரோட்டுல விட்டிருக்கான் பாரு, ஒட்டகம் வளக்கத் தெரியாத கழுதை! ஏய், நகரு! போ, நொண்டிக் கெழவி!

நான்: ஒதுங்கிடுச்சு. போங்க.

அவர்: என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?

நான்: விருந்தாளி வேடிக்கை பாக்கறேன். நீங்க ஊர்ந்தே போங்க, எனக்கு அவசரமில்ல.

அவர்: பள்ளத்தாக்குக்கு வந்ததும் வெயில் பாத்தியா? மழை மூட்டம் இதுவரைக்கும் எட்டாது. அதான் பட்டையைக் கீறினா வாசப் பிசின் வடியற குந்திரிக்க மரம் இங்க நிக்குது. இது எங்கம்மா வழியில வந்த மரம். தொட்டுப் பாரு. முதல் கீறல்ல வர்றது...

நான்: 'முதல் கீறல்ல வர்றது மரத்தோட கண்ணீர். மூணாவதுல வர்றதுதான் நமக்கு.'

அவர்: அடியே! இது என் வசனமாச்சே?

நான்: தூக்கத்துலயும் இதையேதானே சொல்றீங்க.

அவர்: ம்... இனி மலை. கெட்டியா பிடிச்சுக்கோ.

நான்: வலப்பக்கம் வளைவு. ஹாரன் அடிங்க. இப்ப இடம்... இன்னும் ஒடிங்க.

அவர்: எனக்கேவா? இந்த ரோடு போட்டப்ப கல் சுமந்தவன் நான்!

நான்: அதனாலதான் நேரா வந்து சேந்தோம். நிறுத்துங்க, உச்சி. இந்தாங்க காபி. பேரீச்சம்பழம்.

அவர்: குடு. ஏலக்காய் தூக்கலா இருக்கு.

நான்: குடிச்சாச்சா? இப்ப கேக்கறேன். செய்தி என்ன?

அவர்: வலக்கண் போயாச்சு, துஃபூல். இடக்கண் பாதி. இனி வண்டி ஓட்டக் கூடாதாம். கடைசியா ஒரு தடவை... உனக்கு மட்டும் காட்டாம விட மனசு வரல.

நான்: ம்.

அவர்: நாளைக்கு வர்ற நாலு பேருக்கும் வேண்டாம்னு சொல்லிடு. கீழ இறங்க என் தம்பியைக் கூப்பிடு.

நான்: யாரும் வர வேண்டாம். சாவியைக் குடுங்க.

அவர்: உனக்கெதுக்கு?

நான்: இந்தாங்க, இதைப் பாருங்க.

அவர்: என்ன அட்டை? எழுத்து தெரியல.

நான்: ஓட்டுநர் உரிமம். என் பேர்ல. நீங்க கிளம்பிப் போன காலையிலெல்லாம் உங்க தங்கச்சி கத்துக் குடுத்தா. ரெண்டு தடவை தோத்தேன். மூணாவது கீறல்ல கிடைச்சது.

அவர்: என்கிட்ட ஒரு வார்த்தை...

நான்: காபிக்கு அப்புறம்தானே சொல்லணும்?

அவர்: நாளைக்கு நாலு பேரையும்... நீயா?

நான்: நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்காந்து பெருமை அடிங்க. அதுக்குக் கண் வேணாம்.

அவர்: 'ஓட்டறது என் பொண்டாட்டி'ன்னுதான் ஆரம்பிப்பேன். அதைக் கேட்டு அவங்க... அது சரி, என் கண்ணைப் பத்தி உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?

நான்: நோன்பு மாசத்துல சந்தேகம். இன்னைக்குக் காலையில நிச்சயம். அந்த ரோட்டு ஒட்டகம்...

அவர்: வெளியூர்க்காரனோடதுதானே?

நான்: சம்ஹா. உங்க குரலைக் கேட்டு, கூப்பிடறீங்கன்னு நினைச்சு ஜன்னல்கிட்ட வந்து மூக்கை நீட்டினா.

அவர்: அவளையா... நொண்டிக் கெழவின்னேன்?

நான்: அவளை வளத்தவனையும் கழுதைன்னீங்க. ஏறுங்க விருந்தாளி, பின்னாடி. போற வழியில நிறுத்தறேன், ரெண்டு பேரும் சமாதானம் ஆகிக்கங்க.