எழுதிப் பார்த்த மனு

திருமானூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் அண்ணன்மேல் மனுக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். கணவர் சொல்லச் சொல்ல, அந்த அக்கா மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டு வந்தார்.

“எங்கண்ணன் எங்க கரும்புக்குத் தண்ணி வுட மாட்டேங்கறாருன்னு எழுது.”

“எழுதிட்டேன். ஏன் வுடலன்னு எழுத வேணாமா?”

“மோட்டார் கொட்டாயப் பூட்டிட்டாரு.”

“ஏன் பூட்டுனாரு?”

“நான் மோட்டாரப் போட்டுட்டு மறந்து கல்யாணத்துக்குப் போயிட்டேன்ல. உள்ள காயில் கம்பி எரிஞ்சுபோச்சுல்ல.”

“மோட்டார் யாருதுன்னு போட?”

“அவருது.”

“மறுபடி காயில் கட்டுனது?”

“அதுவும் அவருதான். ஏ, நீ யாரு பக்கம்?”

“நீங்க சொல்றதத்தாங்க எழுதுறேன்.”

அவர் நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“ரெண்டு மாசமா ஊர் பூரா சொல்லிட்டிருந்தேன். அப்பல்லாம் நாயம் நம்ம பக்கந்தான இருந்துச்சு?”

“இப்பத்தான எழுதிப் பாக்குறோம்.”

“இதக் கொடுத்தா கலெக்டர் என்னயத்தான் திட்டுவாரு.”

“கரும்பு காயுதுங்க. உங்கண்ணனுக்குப் போனப் போடுங்க.”

பஸ் இரைச்சலில் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, அந்தக் காயில் கட்டுனதுக்கு எவ்வளவு ஆச்சு?”

பஸ் முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது.

“இதக் கேக்க ரெண்டு மாசமாடா உனக்கு? நாலாயிரத்து எறநூறு.”