முதல் தீர்மானம்: கடல் ரோந்து விமானம்

"ஹலோ... ஹலோ சார், வணக்கமுங்க... கேக்குதுங்களா?... இருங்க சார், இன்னொரு படி ஏறிக்கறேன்... ஆங், இப்பக் கேக்குதுங்க. சொல்லுங்க சார்."

பரிமளா குடிநீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஐந்தாவது படியில் நின்றாள். ஊராட்சித் தலைவராகி இத்தனை வருஷத்தில் அவள் அரசாங்கத்தோடு பேசியதெல்லாம் இந்த ஐந்தாவது படியில் நின்றுதான். நான்காவது படியில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். ஆறாவதில் தலை சுற்றும். சேலையை இடுப்பில் செருகி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் போனைக் காதோடு அழுத்தியிருந்தாள். கீழே பள்ளிக்கூட மைதானத்தில் மே தின கிராம சபை கூடியிருந்தது. கூடியிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் இரைச்சல் காதைப் பிளந்தது.

அந்தப் பக்கம் பேசியவர் பி.டி.ஓ. வட்டாரத்துக்கே பெரிய அதிகாரி. லீவு நாளில் அவரே கூப்பிடுகிறார் என்றால் யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆமாங்க சார்... ஆமாங்க, சபைதான் நடக்குது... சண்டையெல்லாம் இல்லீங்க, விவாதமுங்க... எதப் பத்தியா?... அது வந்துங்க சார்..."

பரிமளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சபை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்ட பற்றாளர் செங்கோடன், கீழே தீர்மான நோட்டை விரித்து அதற்குள் முகத்தைப் புதைத்திருந்தார். போட்டுக் கொடுத்தது அவரேதான்.

"விமானமுங்க சார்... ஆமாங்க, பறக்கற விமானந்தான். கடல் மேல சுத்திச் சுத்திக் காவல் பாக்குமில்லீங்களா, நேவிக்காரங்க விமானம், அது... தெரியுமுங்க சார், நம்ம மலையில கடல் இல்லீங்க... சிரிக்கலீங்க சார்! காத்துங்க. மேல நல்லாக் காத்தடிக்குது."

சிரிக்கத்தான் செய்தாள். காலையிலிருந்தே அவளுக்கு அப்படித்தான் இருந்தது. தலைவராக எத்தனையோ சபை நடத்தியிருக்கிறாள். பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு வடை தின்னப் போய்விடுவார்கள். இன்றைக்கு வடைக்காரியே தட்டைத் தரையில் வைத்துவிட்டு விவாதத்தில் இறங்கியிருந்தாள்.

"கேளுங்க சார்... நான் சொல்றத ஒரு நிமிசம்... பன்னண்டு விமானம் வாங்கறதா இருந்தாங்களாம். இப்ப ஆறு போதுங்கறாங்களாம். கொறைக்கலாமா கூடாதான்னு டெல்லியில ஒரு கமிட்டி பேசுது, சனங்களும் கருத்து எழுதி அனுப்பலாம்னு பேப்பர்ல வந்திருக்குது. நம்ம ஊரு படிச்ச பையன் குழந்தைவேலு படிச்சுக் காட்டுனானுங்க... நமக்கு என்ன சம்பந்தமா? என்னங்க சார் இப்படிக் கேட்டுப் போட்டீங்க! மேல்கோம்பை கண்ணாயக்காவத் தெரியுமில்லீங்களா?... ரோட்டுக்கு மனுவத் தூக்கிக்கிட்டு மாசம் ஒருக்கா உங்க ஆபீசுக்கு வருமே... அதேதாங்க. அதோட பையன் விமல்ராஜு."

அவள் மூச்சு வாங்கினாள். இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அலுக்காது.

"மொளகு பறிக்கறேன்னு கேரளாவுக்குப் போனவன், கூட்டாளிகளோட மீன்புடி போட்டுல வேலைக்குச் சேந்துட்டானுங்க. நடுக்கடல்ல இஞ்சின் நின்னு போச்சு... முந்தின வருசமுங்க. போனும் இல்ல, இருந்த தண்ணியும் தீந்து போச்சு, அஞ்சு நாளு சார்! இந்த விமானந்தாங்க கண்டுபுடிச்சு, மேல இருந்தே தண்ணியும் காத்தடைச்ச படகும் போட்டுச்சாம். அதுக்கப்புறம் கப்பல் வந்து ஏத்திக்கிச்சு... இப்பவா? இப்பவும் கடல்லதாங்க இருக்கான். கண்ணாயக்கா சொல்லாத சொல்லு இல்ல, அவன் கேட்டாத்தான!"

பி.டி.ஓ. வேறு ஏதோ கேட்டார்.

"ஏன் மொத தீர்மானமா எடுத்தோமுங்களா? மினி பஸ்சு ஒரு மணிக்கு எடுத்துருவாங்க சார். கடைசியில வெச்சா, ரோட்டு முனை வரைக்கும் அதுல போற மேல்கோம்பைக்காரங்க எல்லாம் போயிருவாங்க... ஆமாங்க... ஆமாங்க... என்னது?"

அவள் முகம் மாறியது. அதிகாரி நிதானமாகச் சொன்னார். சம்பந்தமில்லாத பொருள் ஒன்று தீர்மான நோட்டில் ஏறினால், மேலே இருப்பவர்கள் நோட்டையே திருப்பி அனுப்புவார்கள். அந்த விமானத்தோடு சேர்ந்து மேல்கோம்பை ரோடும் திரும்பி வரும்.

மேல்கோம்பை ரோடு ஏற்கெனவே மூன்று தடவை போய்த் திரும்பி வந்த தீர்மானம். ஒரு தடவை சர்வே நம்பர் தப்பு என்றார்கள். ஒரு தடவை சீல் மங்கலாக இருக்கிறது என்றார்கள். மூன்றாவது தடவை எதற்கென்று யாருக்குமே விளங்கவில்லை. இந்தத் தடவையும் நடக்காவிட்டால் இனி ஓட்டுக் கேட்டு மேல்கோம்பைப் பக்கமே வரமாட்டேன் என்று பரிமளா எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள்.

"சார், அப்படிச் சொல்லாதீங்க சார்... இருங்க, லைன்லயே இருங்க, சனங்ககிட்டச் சொல்லிப் போடறேன்... ஏனுங்க! எல்லாரும் இங்க கேளுங்க! விமானத்தையும் ரோட்டையும் ஒரே நோட்டுல எழுதுனா ரெண்டுமே திரும்பி வந்துருமாம்!"

மைதானம் கொதித்து எழுந்தது. அதில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஊன்றுகோலோடு எழுந்தவர் மேல்கோம்பை கந்தப்பன். காலையிலிருந்து விமானத்துக்கு எதிர்க்கட்சி அவர்தான். போன மழைக்காலத்தில் பலா மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர். கம்பளியில் தொட்டில் கட்டி நாலு பேர் ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். வழியில் இரண்டு தடவை கீழே போட்டார்கள்.

"கேட்டுதுங்களா சார், கந்தப்பண்ணன் குரலு?... அவரு கொறைக்கலாம்ங்கற கட்சி. ஒரு விமானத்த நிறுத்துனா மலை முழுக்க ரோடு போட்டுரலாமுன்னு காலையில இருந்து சொல்றாருங்க... என்னங்க?... நியாயந்தானுங்களா? பாத்தீங்களா, நீங்களே கட்சி சேந்துட்டீங்க! ஏனுங்க, சாரும் கந்தப்பண்ணன் கட்சியாம்!"

பி.டி.ஓ. பதறினார். தான் பொதுவாகச் சொன்னதாகவும், ஆளில்லா விமானம் என்று ஒன்று வந்துவிட்ட காலத்தில் இவ்வளவு பெரியது எதற்கு என்றுதான் நினைப்பதாகவும் விளக்கினார். விளக்கியதுதான் அவர் செய்த தப்பு.

"சார் சொல்றாரு, ஆளில்லாத விமானமே போதுமாம்!... இருங்க சார், பாப்பாயி எந்திரிக்குது, வடை சுடுமே, அது... கடலுல கெடக்கறவனுக்கு அது தண்ணி போடுமான்னு கேக்குதுங்க... குழந்தைவேலு என்ன சொல்றான்னா, அது நல்லாப் பாக்குமாம், ரொம்ப நேரம் பறக்குமாம், ஆனா படகத் தூக்கிப் போடற அளவுக்குச் சொமக்காதுன்னு சொல்றானுங்க... அப்படியா சார்? சொமக்கறதும் வந்திருச்சுங்களா?... சரிங்க, எனக்குத் தெரியாதுங்க, சொல்லிப் போடறேன்... டேய் குழந்தைவேலு, சொமக்கறதும் வந்திருச்சாமா!"

அவள் குரல் கம்மிப்போய்விட்டது. கீழே இருந்து வந்த பதிலை வாங்கி மேலே சொல்வதும், மேலே இருந்து வந்ததைக் கீழே போடுவதுமாக ஏணியில் அவள் தலை இப்படியும் அப்படியும் திரும்பியது. இரண்டு பக்கமும் இத்தனை ஆசையாகப் பேசி அவள் பார்த்ததே இல்லை. கால் வலித்ததுகூடத் தெரியவில்லை.

"ஆறு போதுங்கறீங்க... பழைய விமானம் வேற இருக்குதுங்களா?... அது நியாயந்தாங்க சார், இல்லைங்கல... ஆனா தனபாலு ஒண்ணு கேக்கறானுங்க, மினி பஸ் ஓட்டறவன். ஆறு வாங்குனா ஆறும் பறக்குமான்னு கேக்கறான். ரெண்டு பஸ் வெச்சிருக்கற எங்க மொதலாளிக்கே ஒண்ணு எப்பப் பாத்தாலும் பட்டறையில நிக்குது, அன்னிக்கு மலையே நடக்குது, அப்ப விமானம் ரிப்பேருக்குப் போகாதா, புதுப் பசங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறது எந்த விமானத்துலங்கறான். ரெண்டு அதுக்கு, ரெண்டு இதுக்குன்னு போனா மிச்சம் ரெண்டு. நாட்டுக்கு இந்தப் பக்கமும் கடலு, அந்தப் பக்கமும் கடலு... ஹலோ? சார்?... யோசிக்கறீங்களா? யோசிங்க, யோசிங்க... அய்யோ சார், உங்க பற்றாளரு கையத் தூக்கறாரு!... எந்தக் கட்சின்னு தெரியலீங்க, ரெண்டு கட்சிக்கும் தூக்குனாருங்க!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏணி அதிர்ந்தது. அந்தப் பக்கமும் அதிகாரி சிரித்தது அவள் காதில் விழுந்தது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி அதிகாரி ஆகிவிட்டார். விளையாட்டு போதும், மேலே அவரைக் கேள்வி கேட்பார்கள். விமானமா, ரோடா? ஒன்றைத்தான் எழுத முடியும். இப்போதே சொல்ல வேண்டும்.

"இப்பவேங்களா?... ஆமாங்க... புரியுதுங்க சார்..."

மெதுவாக அதைக் கீழே சொன்னாள். எல்லாரும் திரும்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாயியைப் பார்த்தார்கள். மேல்கோம்பை ரோடு அவளுடைய ரோடுதான். கடலில் இருப்பவனும் அவள் மகன்தான். கண்ணாயி எழுந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். விமானத்தை நோட்டிலிருந்து அடித்துவிடு கண்ணு, ரோட்டையே எழுது, ஊருக்கு ஆகட்டும் என்றாள். சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

பரிமளா போனை மறுபடி காதில் வைத்தாள்.

"சார்... கண்ணாயக்கா விமானம் வேண்டாங்குதுங்க... இல்லீங்க சார், மனசொத்துச் சொல்லல. ஊருக்காகச் சொல்லுது... சரிங்க... சரிங்க, அடிச்சுப் போடச் சொல்றேன்... ஒரு நிமிசம் சார். இருங்க, கந்தப்பண்ணன் மறுபடி எந்திரிக்கறாரு."

இனி அவருக்கு என்ன? கேட்டது கிடைத்துவிட்டதே என்று நினைத்தாள். ஆனால் கந்தப்பன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேராக ஏணிக்கு அடியில் வந்து நின்றார். அண்ணாந்து பார்த்துப் பேசினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"சார், அவரு சொல்றத அப்படியே சொல்றேன், என்னக் கோவிச்சுக்காதீங்க... 'எங்காலு ஒடிஞ்சு கெடந்தப்ப வந்த வண்டி கீழ ரோட்டுல நின்னுக்கிட்டு, ஆளத் தூக்கிட்டு வாங்கன்னுச்சு. மனுக் குடுத்தா, எந்த ஊரு, என்ன நம்பரு, நேர்ல வாங்கறாங்க. அந்தப் பையன் காணாமப் போனப்ப அவம் பேரு தெரியாது, ஊரு தெரியாது, ஒரு மனுக்கூட யாரும் குடுக்கல. அந்த விமானம் மூணு நாளு விடாமச் சுத்தியிருக்குது. இந்த மலைக்காரன் ஒருத்தனத் தேடி வந்த சர்க்கார் வண்டி அது ஒண்ணுதான். அத அடிச்சுப் போட்டுட்டு வார ரோடு எனக்கு வேண்டாம்' அப்படிங்கறாருங்க சார்."



"சார்?... லைன்ல இருக்கீங்களா?"

கீழே முதலில் பாப்பாயி கை தூக்கினாள். பிறகு தனபால். பிறகு மைதானம் முழுக்கக் கைகள். கந்தப்பன் ஊன்றுகோலைத்தான் தூக்கினார், தூக்கியதில் தடுமாறி ஏணியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாயி மட்டும் கை தூக்கவில்லை. அவள் முந்தானைக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் தூக்கிட்டாங்க சார். ரெண்டையும் எழுதுங்கறாங்க. திரும்பி வந்தா வரட்டும், நாலாவது தடவைதானங்கறாங்க... ஆமாங்க... நானும்தாங்க, இந்தக் கையில போனு, அந்தக் கையில கம்பி, இல்லீன்னா நானும் தூக்கியிருப்பேன்... ஹலோ?... சொல்லுங்க சார்... என்னது?... எப்படி எழுதறது?... 'மீனவத் தொழிலாளர் பாதுகாப்பு கருதி'... சரிங்க... 'இவ்வூரைச் சேர்ந்தவர்'... மெதுவாச் சொல்லுங்க சார்! அண்ணா, செங்கோடண்ணா, எழுதுங்க, சார் சொல்றாரு!... 'உயிர் காக்கப்பட்டதால்'... இப்படி எழுதுனா திருப்ப மாட்டாங்களா?... அப்படியே திருப்புனாலும் நீங்களே போயிக் கேப்பீங்களா?... நெசமாலுமா சார்?"

வார்த்தை வார்த்தையாக அவள் கீழே போட, செங்கோடன் எழுத, குழந்தைவேல் பிழை பார்த்தான். எழுதி முடித்ததும் அதிகாரி இன்னொன்று சொன்னார். தயங்கித் தயங்கிச் சொன்னார். பரிமளாவுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை.

"நாளைக்கா?... மேல்கோம்பைக்கா, நீங்களா?... யாரும் மனுக் குடுக்கலீங்களே சார், நீங்களாவே வாரீங்களா?... ஏனுங்க! சார் நாளைக்கு மேல்கோம்பைக்கு வாராராம்! ரோட்டப் பாக்க வாராராம்!... கேக்குதுங்களா சார் சத்தம்? விசிலடிக்கறது உங்க பற்றாளருங்க... இல்லீங்க, ஜீப்பு வராதுங்க. ஜீப்பு வந்தா நாங்க ஏன் சார் மனுக் குடுக்கறோம்... நடைதானுங்க, ரெண்டு மணி நேரம்... வெயிலுக்கு முன்னாடி கெளம்பிருங்க... வழி தெரியாதுங்களா?"

அவள் காட்டுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். பலா மரங்களுக்கு அப்பால், பாறைகளுக்கு இடையில் எங்கேயோ இருந்தது மேல்கோம்பை. இங்கிருந்து பார்த்தால் தெரியாது.

"பரவால்லீங்க சார், தேடிக்கிட்டு வாங்க. நாங்க எல்லாரும் பாறை மேல ஏறி நின்னு கைய ஆட்டறோம்... ஆமாங்க... ஆமாங்க... வெச்சுடறேனுங்க."