நலம் விசாரித்த குரல்

தொலைபேசியில் என் குரல் இதமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் பெரிய டாக்டர் என்னை வார்டிலிருந்து எடுத்து அந்த மேசையில் உட்கார வைத்தார்.

பித்தநாளத்தில் கல் அடைத்தால் வாய்வழியாகக் குழாய் விட்டு எடுப்பார்கள். நாளத்தின் வாயிலைச் சற்று வெட்டி எடுப்பது ஒரு முறை. வெட்டாமல், சின்ன பலூனை ஊதி வாயிலை விரித்து எடுப்பது இன்னொரு முறை. காலப்போக்கில் எது நல்லது என்று பார்க்க, பாதிப் பேருக்கு அப்படி, பாதிப் பேருக்கு இப்படிச் செய்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அத்தனை பேரையும் கூப்பிட்டு விசாரிப்பது என் வேலை. ஏழு வருடம் செய்தேன்.

பெரிய டாக்டர் வெட்டி எடுப்பதில் கைதேர்ந்தவர். பொய் எழுதும்படி அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை; இதைத் தயவுசெய்து அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் வருடம், வெட்டி எடுத்த நோயாளிகளில் சிலருக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவு பேரா?" என்றார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. பட்டியலை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு கொஞ்சம் பார்த்து எழுதினேன்.

பலூன்காரர்கள் வலி என்றால் உடனே வரச் சொல்வேன். வெட்டுப்பட்டவர்கள் சொன்னால் ஆறுதல் சொல்வேன். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். சரியாகாதவர்கள் பெயருக்கு எதிரே 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று போடுவேன்.

ஆய்வுக் கணக்கைச் சரிபார்க்க ஒரு அம்மா புதிதாக வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நாலாவது வருஷத்துக்கப்புறம் வெட்டுனவங்கள்ல ஒருத்தருக்குக்கூடக் காய்ச்சல் வரலையா?"

"பெரிய டாக்டரோட கைராசி அப்படி, மேடம்."

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் என் மேசை இழுப்பறை ஒரு விரல் அளவு திறந்திருந்தது. நான் உள்ளே நுழைந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தொடர்பு கிடைக்காத முப்பத்தொரு எண்களையும் அந்த அம்மா தானே கூப்பிட்டிருக்கிறார். இருபத்துநான்கு பேர் எடுத்தார்களாம். அதில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி.

அந்த மெக்கானிக்கைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வெட்டி எடுத்துக்கொண்டவர், தமாஷான மனிதர். குளிர் நடுக்கத்தோடு கூப்பிட்டபோதும் சிரித்தார்.

"அக்கா, கதவைத் திறந்து விட்டீங்க, மூட மறந்துட்டீங்கபோல. கண்டதும் மேல ஏறுது."

"வெளிச் சாப்பாடு ஒத்துக்கலையா இருக்கும். வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க."

'நலம்' என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி பேசினார்.

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குங்க. என்னமோ உளர்றாரு. கூட்டிட்டு வரட்டுங்களா?"

அந்த வாரம்தான் பெரிய டாக்டர் முடிவுகளை வெளியிட இருந்தார். பக்கத்து அறையில் உட்கார்ந்து உரையை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் ஊர்ல இல்லம்மா. வியாழக்கிழமை வாங்க. பயப்படாதீங்க."

"நீங்க சொன்னா சரிதாங்க."

செவ்வாய்க்கிழமை அவர் இறந்துவிட்டார். 'நலம்' என்பதை அடித்துவிட்டு 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று மாற்றினேன். கிருமி ரத்தத்தில் கலந்திருந்ததாம். வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பார். அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணிடம் நான் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

கடைசியாக, என் மகள் விஷயம். போன வருடம் அவளுக்கும் கல் அடைத்தது உண்மைதான். பெரிய டாக்டரிடம் சொல்லாமல் வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எந்த முறையில் எடுக்கலாம் என்று அங்கே கேட்டார்கள். பலூன் போதும் என்றேன். சின்னப் பெண், வெட்டு என்றால் பயந்துவிடுவாள். அதற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.