லேமினேஷன் போட்ட கொடிகள்

ராமநாதபுரத்தில் நடந்த தபால்தலைக் கண்காட்சியிலிருந்து திரும்பும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு கணவன் மனைவி. மனைவியின் மடியில் ஆல்பம்.

“எங்க அய்யா உசிரக் குடுத்துச் சேத்தது. ராச்சியமெல்லாம் அழிஞ்சுபோச்சு, அதுக கொடி இந்த ஸ்டாம்புலயாவது இருந்துச்சு. அதப்போயி லேமினேஷன் போட்டு வச்சிருக்கீகளே!”

“உப்புக்காத்துல ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிருதுன்னு நீதான சொன்ன?”

“அதுக்கு? ரேஷன் கார்டா இது? இனிமே இது ஸ்டாம்பே இல்லைன்னு கண்காட்சியில பரிசு குடுக்குற ஆளு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாரு.”

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. கணவர் ஜன்னல் வழியாகக் கடலை எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்றேன். இப்ப இது கடல்ல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது.”

“ஆமா, அது மெதக்கும். நீங்க மெதப்பீகளா?”