பெயர் போடாத பக்கத்துக்கு இங்கே இடமில்லை

சுரண்டை தந்த சுடரே! சாரல் நனைக்கும் தென்காசிச் சாலையில் நாள்தோறும் வந்து, நூலகத்தையே நெஞ்சகமாய்க் கொண்ட நேர்மையின் நிறைகுடமே! ஐயம் அகற்றிய அறிஞரே! எங்கள் நூலகர் திரு. வல்லிநாயகம் அவர்களே!

உங்கள் பணிநிறைவு விழாவுக்கான இந்த மடலில் இன்னும் பல அடைமொழிகள் இருந்தன. தமிழ்த்துறைத் தலைவர் பால்வண்ணநாதன் ஐயா ஆசை ஆசையாய் எழுதித் தந்தார். அத்தனையையும் வெட்டிவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் "இதுக்கு ஆதாரம் எங்கன இருக்கு?" என்று மேடையிலேயே கேட்டுவிடுவீர்கள் என்ற பயம்தான். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடும் பழக்கமும் உங்களுக்கு உண்டு. ஆகவே இனி 'அவர்' என்றே பேசப்போகிறோம். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள்.

ஆராய்ச்சிக்குத் தகவல் தேடுவோர் கைபேசியில் முதலில் வந்து விழுவதை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் நம் நூலகத்தின் இணைய வழிகாட்டி. நம்பத்தக்க தளங்களை மனிதர்களே வாசித்து, தேர்ந்து, துறைவாரியாக அடுக்கிவைத்த பக்கம் அது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்று தெரியாத எதுவும் அதற்குள் நுழைய முடியாது. அதற்கும் மேல் ஒரு சட்டம் வைத்தார். சேர்க்கிறவர் அந்தத் தளத்தை முழுக்க வாசித்து, இணைப்பின் கீழே தம் பெயரைப் போட வேண்டும். தயங்கியவர்களிடம், பேராசிரியர் என்றும் பாராமல், "பேர் போடப் பயமா இருக்குன்னா, நீரு இன்னும் வாசிக்கலைன்னு அர்த்தம்" என்பார். திட்டு வாங்காத துறை இந்தக் கல்லூரியில் இல்லை.

அந்தச் சட்டமும் ஒருமுறை மீறப்பட்டது. சனோபரின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். குற்றால மலை மூலிகைகளைப் பற்றி நம் கல்லூரித் தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. நம்முடையதுதானே என்று உதவி நூலகர் சனோபர் அதை வாசிக்காமலே பெயர் போட்டு வழிகாட்டியில் சேர்த்துவிட்டார். தாவரவியல் துறை நிவேதா அதை நம்பித் தம் முனைவர் பட்ட ஆய்வில் ஓர் இயலையே எழுதி முடித்தார். மலையில் எங்கே ஏறித் தேடியும் அதில் சொன்ன செடி கண்ணில் படவில்லையே என்று நிவேதா நூலகரிடம் வந்து நின்றபோதுதான் அவர் அந்தப் பக்கத்தின் வேரைத் தேடிப் போனார். கல்லூரிப் பக்கம் ஒரு சுற்றுலாத் தளத்தைப் பார்த்து எழுதியது; அது வேறொன்றைப் பார்த்து எழுதியது; எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு தங்கும் விடுதியின் எண்ணெய்க் குளியல் விளம்பரத்தில் போய் முட்டின. நிவேதா அந்த இயலைத் தூக்கிப் போட்டுவிட்டு நூலகத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

அன்றே அவர் அந்த இணைப்பை நீக்கினார். ஓசைப்படாமல் நீக்கவில்லை. "எங்கள் கல்லூரியின் இந்தப் பக்கம் நம்பத்தகாதது. வாசிக்காமல் சேர்த்தது நூலகத்தின் தவறு" என்று அதே இடத்தில் எழுதி, சனோபரின் பெயரை எடுத்துவிட்டுத் தம் பெயரைப் போட்டார். அலுவலகக் கண்காணிப்பாளர் இத்ரீஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நம்ம காலேஜையே கேவலப்படுத்துதியளே அண்ணாச்சி, வெளிய தெரிஞ்சா என்னாவும்?"

"வெளிய தெரியத்தான போட்டிருக்கேன்" என்றார் அவர். அறிவிப்பு இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

நிர்வாகமும் அதை மறக்கவில்லை. சென்ற மாதம் சுற்றறிக்கை வந்தது. நூலகர் ஓய்வுபெறும் நாளோடு வழிகாட்டியும் மூடப்படும். கேட்டதும் பதில் சொல்லச் செயற்கை நுண்ணறிவு இருக்கையில் இதற்கு ஆள் தேவையில்லை என்று இருந்தது. அவர் வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வழக்கம்போல ஒவ்வோர் இணைப்பாகத் திறந்து சரிபார்க்கத் தொடங்கினார். மனம் உடைந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும்; வைத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது. சனோபருக்குப் பொறுக்கவில்லை.

"மூடப்போறதுக்கு எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பாக்குதிய?"

"மூடுத வரைக்கும் தேடி வாறவிய ஏமாறக் கூடாதுல்லா."

அண்ணாச்சி, இனி உங்களிடம் நேராகவே பேசுகிறோம். எழுந்து போனாலும் சரி. வழிகாட்டி மூடப்படாது. கல்லூரித் தளத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். வேறு இடம் பிடித்து, இன்று காலை முதல் எங்கள் சொந்தப் பெயர்களில் திறந்துவைத்துவிட்டோம். முன்வரிசையில் வீற்றிருக்கும் நிர்வாகப் பெருமக்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் இதை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். இயந்திரம் பதில் சொல்லட்டும், வேண்டாம் என்று யார் தடுத்தார்கள்? அந்தப் பதில் தப்பாய்ப் போனால், நான்தான் பொறுப்பு என்று எழுந்து நிற்க ஆள் வேண்டும். நாங்கள் நிற்போம். குற்றால மூலிகைப் பகுதியைச் சனோபரே கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த முறை ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறார். நிவேதா மலையேறிப் பார்த்து வந்து தம் பெயரையும் அதன் கீழே போட்டிருக்கிறார்.

நீங்கள் கண் மங்காமல், முழங்கால் நோகாமல், ஐந்தருவிக் குளிர்ச்சியை உடலிலும் உள்ளத்திலும் ஏந்தி நெடுங்காலம் வாழ வேண்டும். எங்கள் இணைப்பில் ஒரு பிழை கண்டாலும் சுரண்டையில் பஸ் ஏறி வந்து எங்களைத் திட்ட வேண்டும். அதற்காகவாவது ஆரோக்கியமாக இருங்கள்.

இந்த மடலை முழுக்க வாசித்துவிட்டோம். பெயர் போட எங்களுக்குப் பயமில்லை.

சனோபர், உதவி நூலகர்
நிவேதா, தாவரவியல் துறை
பால்வண்ணநாதன், தமிழ்த்துறை
இத்ரீஸ், அலுவலகக் கண்காணிப்பாளர்