எல்லாருக்கும் சம்மதம்

— அதில்ல தம்பி, மொதல்ல சாப்பிடுங்க. சோத்தோ சூப் ஆறிப்போச்சுன்னா கோழிக்கொழுப்பு மேல ஆடை கட்டிக்கும். சாப்பிட்டுட்டு என்னைத் திட்டுங்க.

— அம்மா மாதிரி இபுன்னு கூப்பிடறவங்களை நான் எதுக்குத் திட்டப் போறேன்? ஆஸ்பத்திரிக்கு எது நல்லதோ அதைத்தானே தேர்ந்தெடுத்தீங்க.

— ஏ வார்தினி, அந்தப் பையனுக்கு எலுமிச்சையை நீயே பிழிஞ்சு விடு. வந்ததுலேருந்து கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

— பிழியறேன் சர்மிக்கா. நீங்க ரெண்டு சோயா டெம்பே பொரிச்சு வைங்க. இது யார் தெரியுமா? எங்க பதிவு கவுண்டருக்குப் புது மென்பொருள் சொல்லிக்குடுக்க வந்த குனாடி தம்பி.

— ஓ, வாத்தியாரா வரப்போறவரா?

— வராதவர். அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல உங்க கடைக்குக் கூட்டிட்டு வந்து சோத்தோ வாங்கிக் குடுக்கறேன்.

— அப்ப ரெண்டு டெம்பே போதாது.

— பரவாயில்ல இபு. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? நான் நடத்திக் காட்டின மாதிரி வகுப்புல என்ன குறை? தெரிஞ்சா அடுத்த இடத்துல திருத்திக்குவேன்.

— குறையா? நீங்க கேள்வி கேட்டீங்க தம்பி.

— பாடம்னா கேள்வி கேக்காமயா?

— பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. எல்லார் முன்னாலயும் உக்கார வெச்சு, இந்த நோயாளியைப் பதிஞ்சு காட்டுங்கன்னீங்க. எங்க கவுண்டர் துக்கிமான் அண்ணன் பதட்டத்துல, குடலிறக்கத்துக்கு வந்த ஆம்பளையைப் பிரசவ வார்டுல சேத்துட்டார். ஞாபகம் இருக்கா?

— யாரும் சிரிக்கலையே இபு.

— அதான் தம்பி. சிரிச்சிருந்தா அவரும் சேந்து சிரிச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்பார். எல்லாரும் தரையைப் பாத்தோம். அன்னிக்கு மத்தியானம் சோத்துப் பொட்டலத்தைப் பிரிக்காமயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார் மனுஷன்.

— எனக்குத் தெரியாது இபு. மன்னிக்கணும்.

— நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. மாதிரி வகுப்பு நடத்தின அந்த இன்னொரு கம்பெனியைப் பாருங்க. ஓட்டல்ல குளுகுளு அறை, பெட்டிச் சாப்பாடு, நடுவுல பாட்டுப் போட்டி. மேடையில நின்னவன் புரிஞ்சுதான்னு கேட்டான், புரிஞ்சுதுன்னோம். கை தட்டினான், நாங்களும் தட்டினோம். தோள்ல கை போட்டு போட்டோ வேற.

— புரிஞ்சுதா இபு?

— போட்டோ நல்லா வந்திருக்கு.

— அப்ப கூட்டத்துல அவங்களைத்தான் எல்லாரும் கேட்டாங்க.

— யாரும் எதையும் கேக்கல தம்பி. நம்ம ஊர்க் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா? டைரக்டர் வந்து உக்காந்தார். இது உங்க வேலை, யார்கிட்ட கத்துக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னார். எல்லாரும் டீ டம்ளர் மூடியைத் திறக்கறதும் மூடறதுமா இருந்தோம். அப்புறம் அவரே, ஓட்டல்காரங்க நல்லாச் செஞ்சாங்க இல்லையான்னு இழுத்தார். யாரும் வாயைத் திறக்கல. அப்ப எல்லாருக்கும் சம்மதம், வார்தினி இபு, நீங்க கவுண்டர் தலைவி, என்ன சொல்றீங்கன்னார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆகட்டுங்கன்னேன்.

— அப்ப என் பேரை யாரும் எடுக்கவே இல்ல.

— பாருங்க தம்பி, உங்க பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நேர் எதிர்ல துக்கிமான் அண்ணன். குனாடி தம்பிதான் வேணும்னு நான் சொன்னா, இந்தாளை இன்னொரு தடவை எல்லார் முன்னாலயும் நிக்க வைங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா? ஓய்வு வயசைத் தொடப் போற மனுஷன்.

— ஆமா இபு. நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

— அதோட முடிஞ்சுதா? மறுநாள் கவுண்டர்ல இருக்கற சுகே பொண்ணு தொழுகை அறை வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இபு, அந்தக் கேள்வி கேக்கறவரே பரவாயில்லையே, அவர்கிட்டத்தான் ஏதோ கொஞ்சம் ஏறுச்சுங்கறா. வண்டி நிறுத்தற இடத்துல பாம்பாங் அதையே சொல்றான். அப்புறம் ஒவ்வொருத்தரா. யாரும் யாருக்கும் தெரியாம. கடைசியில துக்கிமான் அண்ணன் வந்து, எனக்கு அன்னிக்குத்தான் ஒரு வழி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, மத்தவங்களுக்காகத்தான் பேசாம இருந்தேங்கறார்.

— எல்லாருமா?

— எல்லாரும். மொத்தக் கவுண்டரும்.

— அட பாவிகளா. இத்தனை பேரும் வாயை அடகு வெச்சுட்டா கூட்டத்துக்குப் போனீங்க?

— சர்மிக்கா, நீங்க எண்ணெயைப் பாருங்க.

— டைரக்டர்கிட்ட இப்பப் போய்ச் சொன்னா என்ன இபு?

— என்னன்னு சொல்ல? ஒருமனசா எடுத்த முடிவுன்னு அவர் சந்தோஷப்பட்டு மேலிடம் வரைக்கும் சொல்லியாச்சு. கையெழுத்தும் ஆச்சு. அது எங்கள்ல ஒருத்தருக்கும் பிடிக்கலன்னு போய் நின்னா, எங்களைப் பதிவு கவுண்டர்லேருந்து தூக்கிப் பைத்தியக்கார வார்டுல பதிஞ்சுடுவாங்க.

— அந்தத் தேர்வு மட்டும் இல்லன்னா...

— அதானே பெரிய பிரச்சனை. பயிற்சி முடிஞ்சதும் தேர்வு. தேறாதவங்களுக்குக் கவுண்டர் கிடையாது. சலவைப் பக்கம் இடம் இருந்தா சலவை, இல்லன்னா வீடு. கை தட்டிக் கத்துக்கிட்டு எவன் தம்பி தேறுவான்?

— தேர்வு கஷ்டம்தான் இபு.

— அதனால ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன். சொன்னா சிரிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல பொம்பளைங்க அரிசான் சீட்டு. மாசா மாசம் கூடுவோம், சீட்டுக் குலுக்குவோம், பலகாரம் சாப்பிடுவோம், ஊர் வம்பு பேசுவோம். கவுண்டர்ப் பொண்ணுங்க எல்லாம் அதுல இருக்காங்க. நீங்க லேப்டாப்பை எடுத்துக்கிட்டுப் பின்கட்டுக்கு வந்துடுங்க. திரைச்சீலை போட்டுடறேன். ஒவ்வொருத்தரா கையைக் கழுவற சாக்குல உள்ள வருவாங்க. கேள்வி கேளுங்க, எத்தனை வேணா கேளுங்க. தப்புப் பண்ணினா உங்களுக்கும் அவங்களுக்கும்தான் தெரியும்.

— ஆம்பளைங்க?

— பாம்பாங் பொண்டாட்டியைக் கொண்டுவந்து விடுவான். துக்கிமான் அண்ணனைத் தண்ணி மோட்டார் பழுதுன்னு கூப்பிடுவேன்.

— மோட்டார் பழுதா இபு?

— நல்லாத்தான் ஓடுது. சனிக்கிழமை ராத்திரி ஒரு ஒயரைக் கழட்டி வைக்கச் சொல்லி என் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன்.

— பிரமாதமா யோசிச்சிருக்கீங்க.

— மின்சாரத்துக்கு நீளக் கம்பி இருக்கு. மேசை ஒண்ணு போதுமா?

— போதும் இபு. சின்ன மேசையே போதும்.

— காலையிலயா, மத்தியானமா?

— அரிசான் எப்பவோ அப்ப.

— தம்பி.

— சொல்லுங்க இபு.

— மேசையைக் கேட்டா பதில் சொல்றீங்க, மோட்டாரைக் கேக்கறீங்க. வர்றேன்னு மட்டும் உங்க வாய்லேருந்து இன்னும் வரல.

— சாப்பிட்டுடறேன் இபு.

— கோழி அப்படியே கிடக்கு. என்ன ஆச்சு?

— என்னால வர முடியாது. வரக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். பயிற்சிக்கு வர்றவங்களுக்குத் தனியாச் சொல்லித்தரக் கூடாதாம்.

— யார்கிட்ட கையெழுத்து?

— அந்த ஓட்டல் கம்பெனியில. இந்த மென்பொருள் தெரிஞ்ச ஆள் அவங்ககிட்ட யாருமில்ல. பாட்டுப் போட்டி நடத்தத்தான் ஆள் இருக்கு. காலையில அதோட முதலாளி கூப்பிட்டார். எனக்குப் பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியார் அவர். இன்னிக்கும் பாத்தா கையைத் தொட்டு நெத்தியில வெச்சுக்குவேன். அவர் கேட்டு நான் எப்படி மாட்டேங்கறது?

— அப்ப எங்களுக்கு வரப்போறது...

— திங்கட்கிழமை அவங்க சட்டையைப் போட்டுக்கிட்டு நான்தான் வர்றேன்.

— அட, இதைச் சொல்லவா இவ்வளவு இழுத்தீங்க? சர்மிக்கா, வாத்தியார் வர்றாராம். இன்னும் ரெண்டு டெம்பே போடுங்க.

— இருங்க இபு. வகுப்புல யாரையும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லாரும் சந்தோஷமா இருக்கணும். தேர்வை மட்டும் நான் வைக்கணும். யார் தேறலன்னு டைரக்டர்கிட்டப் போய்ச் சொல்றதும் நான்தான்.

— அதுக்குமா சரின்னீங்க?

— நீங்க டைரக்டர்கிட்டச் சொன்ன மாதிரிதான் இபு, எனக்கும் ஆகட்டுங்கன்னு வாயில வந்துடுச்சு.

— போகட்டும். உங்களுக்குத்தான் எங்க ஆளுங்களைத் தெரியுமே. துக்கிமான் அண்ணன் விஷயத்துல மட்டும் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க தம்பி. வேற எதுவும் கேக்க மாட்டேன்.

— இபு, மாதிரி வகுப்புல அன்னிக்கு எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன். உங்களை மட்டும் கூப்பிடல.

— தலைவின்னு ஒரு மரியாதைக்கு. நான் தப்பா எடுத்துக்கல.

— பின் வரிசையில உங்க முன்னாலயும் ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. சுகே பொண்ணுதான் உங்களுக்காகத் தட்டிக்கிட்டிருந்தா. பாத்துட்டேன், அதான் கூப்பிடல.

— எனக்கு... ஆளுங்களைப் பாக்கறதுதான் தம்பி வேலை. தட்டறதுக்குப் பொண்ணுங்க இருக்காங்க. எப்பவுமே அப்படித்தான்.

— தேர்வு உங்களுக்கும்தான் இபு. பக்கத்துல யாரும் உக்கார முடியாது.

— துக்கிமான் அண்ணனை...

— அன்னிக்கே அவர் ரெண்டாவது தடவை சரியாப் பதிஞ்சார் இபு. அவர் தேறிடுவார்.