பேச்சு திரும்பும் வழி

நம் பக்கத்து ஆட்கள் போனில் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். கவனித்திருப்பீர்கள் சார். முதலில் ஹலோ. எதிர்ப்பக்கம் ஹலோ வந்த பிறகுதான் மேலே ஒரு வார்த்தை. வராவிட்டால் இன்னொரு ஹலோ. அதற்கும் பதில் இல்லாவிட்டால் வைத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள்.

நான் காலை ஆட்டுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயம் இல்லை. கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த ஸ்டேஷனுக்கு வரும்போதுகூட பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன்.

கடலூரில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியின் தொலைபேசி இணைப்புகள் என் பொறுப்பு. வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் ஒரு பெட்டி வழியாகத்தான் உள்ளே வரும். எஸ்.பி.சி. என்போம். எங்கள் வலைப்பின்னலின் எல்லையில் நிற்கும் பெட்டி. எந்தக் குரல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று நான்தான் அதில் வரி வரியாக எழுதி வைப்பேன். ஸ்டாட்டிக் ரூட் என்று பெயர். பெட்டி தானாக யோசிக்காது. எழுதியதைச் செய்யும், எழுதாததைச் செய்யாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

இளவரசு என் மனைவி வினோதினியின் தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவன் நான். சிதம்பரத்தில் அழைப்பு எடுத்து வண்டி அனுப்ப கம்பெனி புது சென்டர் திறந்தபோது அவனை இன்சார்ஜ் ஆக்கினார்கள். நான் வருத்தப்படவில்லை. ஓடியாடி வேலை செய்கிறவன்.

தீபாவளிக்கு சிதம்பரம் போனோம். சாப்பிடும்போது மாமனார் வைத்திலிங்கம் சிரித்தபடி சொன்னார்: “மாப்ள பொட்டியப் பாத்துக்குவாரு. எம்புள்ள ஊரப் பாத்துக்குவான்.”

“சும்மா இருப்பா,” என்றான் இளவரசு. “மச்சான் பொட்டிய மூடுனா ஊரே ஊமைதான்.”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அத்தை தங்கம்மாள் மட்டும், “அவர சாப்புட வுடுங்க” என்று என் இலையில் இன்னொரு வடை வைத்தார். நல்ல மனுஷி.

கை கழுவும்போது இளவரசு அப்பாவிடம் சொன்னான்: “அவசரம்னா என் செல்லுக்கு அடிக்காதப்பா, எப்பவும் பிஸியாத்தான் இருக்கும். சென்டர் நம்பருக்கு அடி. யாராவது எடுப்பாங்க.”

சிதம்பரம் சென்டருக்குத் தனி லைன். ரிங்குக்கு ஒரு வழி, பேச்சு வெளியே போவதற்கு வேறு வழி. மழை பெய்த ஒரு காலையில் அந்த இரண்டாவது வழிக்கான வரியை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தேன். ரிங் போகும். எடுப்பார்கள். கூப்பிட்டவர் குரல் சென்டரில் கேட்கும். சென்டரின் குரல் கூப்பிட்டவருக்குக் கேட்காது. எங்கள் தொழிலில் சாதாரணக் கோளாறு. ரிங் போனால் லைன் நன்றாக இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் விட்டுவிடுவார்கள்.

கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று நினைத்திருந்தேன். புகார் வரும், அவன் திணறுவான், என்னைக் கூப்பிடுவான். கூப்பிட்டான். தன் செல்லிலிருந்து என் ஆபீஸ் போனுக்கு.

“மச்சான், ரிங்கு போவுது. ஆனா ஜான்சி பேசறது வெளிய கேக்கலியாம்.” ஜான்சி அங்கே அழைப்பு எடுக்கும் பெண்.

“ஹெட்செட்ட மாத்திப் பாரு.”

“மாத்தியாச்சு.”

“ஒயர நல்லா அழுத்தி வுடு.”

“அதெல்லாம் பாத்தாச்சு மச்சான். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பாத்தாதான் ஆவும்.”

அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனையும். ஆனால் கிடைத்ததும் போதவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று தோன்றியது. லைனை வைக்காமல் வேறு சிஸ்டத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அப்போது சென்டருக்கு ஓர் அழைப்பு வந்தது. என் இடத்திலிருந்து எந்த அழைப்பையும் கேட்க முடியும். ஒரு காதில் இளவரசு, மறு காதில் அது.

“ஹலோ... ஹலோ...” வயதான ஆண் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் யாரோ முனகும் சத்தம்.

“அய்யா, எனக்குக் கேக்குது,” என்று ஜான்சி கத்தினாள். “தெருப் பேரு மட்டும் சொல்லுங்க. அய்யா...”

“ஹலோ... எடுத்துட்டுப் பேச மாட்டேங்கறாங்களே... ஹலோ...”

வைத்துவிட்டார். மறுபடி அடித்தார். மறுபடி ஹலோ. ஜான்சி தன் செல்லிலிருந்து அவருக்கு அடித்துப் பார்த்தாள். அவர் சென்டருக்கே அடித்துக்கொண்டிருந்ததால் கிடைக்கவில்லை. அவள் மேல் தப்பில்லை. பேசுவது யார் என்று அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. முதல் ஹலோவிலேயே. என்னை மாப்ள என்று கூப்பிடும் குரல் அது. தெரு தெரியும். வாசலின் மஞ்சள் கேட் தெரியும். வண்டி சென்டரில் சும்மா நின்றது. இளவரசு என் காதிலேயே இருந்தான். உங்க வீட்டுக்கு வண்டிய அனுப்பு என்றால் போதும்.

“மச்சான், என் செல்லுல அப்பா லைன்ல வராரு,” என்றான்.

“அப்பறம் பேசிக்கலாம். இத முடி மொதல்ல.”

என் செல் மேஜைமேல் கிடந்தது. என் நம்பர் மாமாவிடம் இருந்தது. அடிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்கவில்லை.

சென்டருக்கு வந்த அழைப்புகள் நின்ற பிறகு வரியைத் திரும்ப எழுதினேன். “மச்சான் கையி வெச்சாதான் சரியாவுது,” என்றான் இளவரசு.

அத்தையை ஒரு ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியத்தன்று மாமா மகன் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்களுக்கு அடிச்சிருக்கணும் மாப்ள. எனக்குத் தோணாமப் போச்சு.” எனக்கு மனசு இளகிவிட்டது. அந்த இடத்திலேயே அவரை மன்னித்துவிட்டேன்.

இங்கே வந்ததற்கு வேறு காரணம். லைனைத் தான்தான் கெடுத்ததாகவும், அம்மாவைக் கொன்றது தான்தான் என்றும் இளவரசு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சாப்பிடுவதில்லை. கேட்கிறவர்களும் நம்புகிறார்கள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு உட்கார முடியவில்லை.

அந்தப் பெட்டியில் ஒரு வரி எழுதத் தெரியாது சார் அவனுக்கு. எழுதியதும் நான். எடுத்ததும் நான். இதற்கும் அவன் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.